லோர்னாவின் வடக்கு மேடு

டெல்மர் என் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் நாற்பது வருஷம் இறைச்சி மாடு வளர்த்தவன். வாயைத் திறந்து ஒருவரிடமும் உதவி கேட்டதில்லை, அப்படி ஒரு வீம்பு. புல் விஷயமெல்லாம் அவன் மனைவி லோர்னாதான்.

அவள் வாழவந்தபோது வடக்கு மேட்டில் காற்று தோண்டிய பெரிய மணல்குழி இருந்தது. பழைய உலர்புல்லைப் பரப்பி, சுற்றி வேலியடைத்து, இருபது வருஷத்தில் அதை மூடினாள். அதன்பிறகு அங்கே புல் பாதி குறைந்தால் போதும், மணல் மறுபடி கிளம்பிவிடும் என்று மாடுகளை அடுத்த மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவாள். "உனக்குச் சொல்றதுக்கு மாட்டுக்குச் சொன்னாலாவது புரியும்யா" என்பாள் டெல்மரிடம்.

போன ஜூனில் அவளைப் புற்றுநோய் என்று ஒமாஹா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெல்மர் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. வடக்கு மேட்டில் காற்றாலை தானாகத் தண்ணீர் இறைத்தது, மாடுகள் அங்கேயே நின்று வேர்வரை கடித்தன. நான் தினமும் வேலியோரம் நின்று பார்த்தேன். அடுத்தவன் வேலிக் கேட்டை அவன் சொல்லாமல் திறப்பது எங்கள் ஊரில் கிடையாது. அவனே கேட்கட்டும் என்று இருந்தேன். எனக்கும் வீம்புதான்.

செப்டம்பரில் லோர்னா போன் செய்தாள். "வெர்ன், இங்க வர்றப்ப என் மேட்டுப் புல்லுல ஒரு பிடி கொண்டாயேன்."

அங்கே ஒரு பிடி இல்லை. என் பக்கத்தில் அறுத்துக் கொண்டுபோனேன்.

அவள் தண்டை விரலால் நீவிப் பார்த்தாள். "எங்க புல்லு இந்நேரம் செவந்திருக்கும். இது உன் பக்கத்துது. அப்ப எங்க மேட்டுல ஒண்ணுமே மிச்சமில்ல."

"மாட்டை அடுத்த மேய்ச்சலுக்கு மாத்திட்டேன்னு தினமும் சொன்னியேய்யா," என்றாள் டெல்மரிடம்.

என்னைப் பார்த்தாள். "நீயாவது கேட்டைத் திறந்து விட்டிருக்கலாமே, வெர்ன்?"

"டெல்மர் கேக்கலியே" என்றேன். சொன்ன வாயை இன்றைக்கும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து மணி நேரம் வண்டியோட்டி வந்து, நேரே போய் அந்தக் கேட்டைத் திறந்தேன். மாடுகள் வெளியேறின. பழைய இடத்திலேயே மணல்குழி வாயைப் பிளந்திருந்தது. நாலாம் நாள் லோர்னா போய்விட்டாள்.

இப்போது வாரம் இரண்டு முறை, குழியில் பரப்ப உலர்புல் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறேன். டெல்மர் ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்காமலே கேட்டைத் திறக்கிறேன்.