போலீசைக் கண்டு வண்டியைத் திருப்பினேன்

நான் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலையில் போனேன். எதிரே போலீசார் வண்டிகளை மறித்து இன்சூரன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னுடையது முடிந்துபோயிருந்தது. பின்னால் பார்க்காமல் சட்டென்று வண்டியைத் திருப்பினேன். கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. பிரேக் அலறியது. இருவரும் விழுந்தோம். லாரி டயர் மனைவியின் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து அவளைத் தூக்கினார். என்னைப் பார்த்து, “ஏலே, அபராதத்துக்குப் பயந்து பொண்டாட்டிய லாரிக்குக் குடுக்கப் பாத்தியே!” என்றார்.

மனைவி முழங்கை ரத்தத்தைத் துடைத்தபடி, “வெறுமன ஏசிட்டு விட்டுராதீக சார். அபராதத்தப் போடுங்க” என்றாள்.

போட்டார்கள். அன்றே இன்சூரன்ஸும் எடுத்தேன். இப்போது போலீசைக் கண்டால் நானே ஓரமாக நிறுத்திவிடுகிறேன். மனைவி மட்டும் இன்னும் டவுன் பஸ்ஸில்தான் போகிறாள்.