பிச்சாவரத்தில் ஒரு குண்டுப் படகோட்டி

துடுப்புப் போடுகிற தொழிலில் காற்றைச் சமாளிக்கலாம், நீரோட்டத்தைச் சமாளிக்கலாம். படகோட்டி குண்டாக இருந்தால் ஏற வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு நகர்ந்து உட்காருவதை அனுபவித்த என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு ஊர் கிள்ளை. வயது இருபத்திரண்டு. எடையைக் கேட்காதீர்கள்.

ஹவுஸ்ஃபுல்

வேலைக்குச் சேர்ந்த புதிது. கடலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. படகில் உட்கார்ந்தபடி "வாங்கக்கா" என்று கை நீட்டினேன். காலைத் தூக்கிய அந்த அம்மா, என்னை முழுசாகப் பார்த்ததும் தூக்கிய காலை அப்படியே கரையில் வைத்துவிட்டார். பிறகு கணவரிடம் திரும்பிச் சொன்னார்: "ஏங்க, இதுல ஏற்கெனவே ரெண்டு பேரு ஏறிட்டாங்க போலருக்கு, அடுத்த படகுல போவோம்."

பட்டினி விரதம்

அன்றிலிருந்து துறையில் எனக்கு 'லாஞ்சு' என்று பேர், அதாவது பெரிய மோட்டார் படகு. வைத்தவன் என்னோடு படகு ஓட்டும் செல்வம். "லாஞ்சு வருது, ஒதுங்கு" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைத் திருப்பி வைப்பேன். கடைசியில் சோற்றை நிறுத்தினேன். காலையில் டீ, மதியம் தண்ணீர்.

அந்த லட்சணத்தில் ஒருநாள் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்றை ஏற்றிக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் போனேன். பாதி வழியில் கண்ணை இருட்டியது. துடுப்பை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சாய்ந்துவிட்டேன். மாப்பிள்ளை உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டார். படகு நின்ற இடத்திலேயே ராட்டினம் சுற்றியது. நண்டெல்லாம் வேரில் ஏறி வேடிக்கை பார்த்தது. நான் பட்டினி கிடந்த கதையைக் கேட்ட பெண், புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள்: "சாப்பிடுங்கண்ணே, உங்க தொப்பையக் குறைக்கப் போயி எங்க ஆயுசுல்ல குறையப் பாத்துச்சு!"

சிதம்பரத்துப் பிள்ளைகள்

அடுத்த வாரம் சிதம்பரத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தார்கள். யாழினி என்று என் சைஸில் ஒரு பெண். "நீ ஏறினா கவுந்துடும்டி" என்று இரண்டு பையன்கள் கத்தினார்கள். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். "நான் பையெல்லாம் பாத்துக்குறேன் டீச்சர்" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என்னுடையதேதான். "என் படகுல வாம்மா, டீச்சரும் வரட்டும்" என்றேன். "ரெண்டு லோடும் ஒரே வண்டியில!" என்றான் ஒருவன். "ஆமாண்டா, தனி வண்டி!" என்றேன். செல்வத்திடம்கூட நான் அப்படிப் பதில் சொன்னதில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போகும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "கிண்டல் பண்ணா என்னண்ணே செய்வீங்க?"

"போன வாரம் வரைக்கும் பட்டினி கெடந்தேன். மயக்கம்தான் வந்துச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் படகு குலுங்கியது. அகலமான வாய்க்காலுக்கு வந்தபோது காற்று பிடித்தது. பின்னால் வந்த பையன்களின் படகு லேசாக ஆட, "ஐயோ, அம்மா!" என்று ஒரே கூச்சல். யாழினி திரும்பி, வாயைக் குவித்துக் கத்தினாள்: "பயப்படாதீங்கடா, கவுந்தா நாங்க ரெண்டு பேரு மெதப்போம், புடிச்சுக்கலாம்!"

டக்கென்ற சத்தம்

லைஃப் ஜாக்கெட்டின் பட்டை எனக்கு ஒருநாளும் பூட்டுகிற அளவுக்கு எட்டியதில்லை. தோளில் சும்மா தொங்கும். பெரிய சைஸ் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தேன். யாழினி வந்துபோன மறுநாள் மேலாளரிடம் போய் நேராகக் கேட்டேன். இரண்டு வந்தன. "லாஞ்சுக்குச் சட்டை தச்சிட்டாங்க" என்றான் செல்வம். "எம்பேரு குமரன். அப்படிக் கூப்பிட்டா திரும்புவேன்" என்றேன்.

மிச்சமிருந்த ஜாக்கெட்டை முதலில் போட்டவர் கீரப்பாளையத்துக்காரர் ஒருவர். எனக்கே அண்ணன் மாதிரி உடம்பு. பட்டையை இழுத்துப் பூட்டினேன். டக்கென்று விழுந்தது. குனிந்து பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், இறங்கும்போது சொன்னார்: "எத்தனையோ தடவ வந்து, ஜாக்கெட் பத்தாம கரையிலயே நின்னுருக்கேன் தம்பி, உள்ள இவ்ளோ பச்சையா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும்."

இத்தனைக்கும் பிறகு நான் குறைத்தது ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் பேச்சுக்காகச் சாப்பாட்டைக் குறைப்பதை.