பின் அறைக்கு ஒரு போன்

எங்கள் வீட்டுக்கு போன் வந்தபோது அம்மா படுக்கையில் விழுந்திருந்தாள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, வைத்தியம் முடிந்தும் நடக்க வராமல் போய், பின் அறைக் கட்டிலே அவள் உலகமாகிவிட்டது. போன் முன் அறையில், வாசல் ஓரத்து மேஜையில் இருந்தது. நடுவில் ஒரு சின்ன முற்றமும், அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் ஒன்றும். ராஜபாளையத்தில் அப்படிப்பட்ட சுவர்களில் ஆணி அடிக்கவே ஆள் கூப்பிட வேண்டும்.

அக்கா மஸ்கட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு என்பதால் அன்று சாயங்காலம் கூப்பிடுவாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் மணி அடிக்கும். நான் ரிசீவரை எடுத்ததும் பின் அறையிலிருந்து அம்மாவின் சத்தம் கிளம்பும்.

"ஏட்டி, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேளு!"

நான் கேட்பேன். அக்கா சொல்வாள். "விட்டுருச்சாம்!" என்று நான் பின்பக்கம் திரும்பிக் கத்துவேன். "என்ன?" என்று அம்மா கத்துவாள். இப்படி இரண்டு பக்கமும் கத்தித் தொண்டை கட்டிப்போகும். அக்கா சில நாள் அழுதுவிடுவாள். "அம்மா கொரல் கேக்கு, ஆனா என்ன சொல்லுதான்னு ஒண்ணும் வெளங்கலட்டி" என்பாள். ஒருமுறை அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட்டு அம்மாவை நாற்காலியோடு முன் அறைக்குத் தூக்கிவரப் பார்த்தோம். முற்றத்துப் படி தாண்டுவதற்குள் அவள் வலியில் துடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பின் அறைக்கு இன்னொரு இணைப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தது டெலிபோன் ஆபீசில் வரிசையில் இருந்தது.

அக்காவின் குரலை ஒருமுறையாவது காதில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருக்கும். பக்கத்திலேயே கிடக்கிற குரலுக்கு என்ன மரியாதை? கல்யாணம் ஆகாத பெண் வீட்டோடு இருந்தால் அவள் நாற்காலி, மேஜை கணக்கில் சேர்ந்துவிடுகிறாள். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை ஊர் என்னைவிட நன்றாக அறியும், அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

காலையில் அம்மாவைக் கழுவித் துடைத்து, சோறாக்கி வைத்துவிட்டுக் கிளம்புவேன். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். நான் வீடு திரும்பியதும் அவர் போய்விடுவார். பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாத்திரை கொடுப்பேன், முதுகைத் திருப்பிப் பவுடர் போடுவேன், விளக்கை அணைப்பேன். ஆபீசில் நாளெல்லாம் மிஷின் சத்தம், பஸ்ஸில் ஆள் சத்தம். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கத் தோன்றாது. அந்த வீட்டில் தனியாக இருப்பது நான் மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் அத்தான் மஸ்கட்டிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போனை அனுப்பினார். லீவில் ஊருக்கு வந்த, பக்கத்துச் சோழபுரத்துக்காரர் ஒருவர் மூட்டைகளோடு மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வயர் இல்லாமல் போன் பேசுவதை எங்கள் தெருவில் யாரும் பார்த்திருக்கவில்லை. அடியில் ஒரு பெட்டி, அதில் நீட்டி மடக்குகிற ஏரியல். மேலே படுத்துக்கொள்ளும் கைபோன், அதற்கும் ஓர் ஏரியல். பிளக்கில் மூன்று தடித்த சதுரக் கால்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அதற்கு ஏற்ற ஓட்டை கிடையாது. எலக்ட்ரிக் கடையில் போய் மாற்று பிளக்கும், மேஜை போன் லைனிலேயே இதையும் சேர்த்து மாட்ட ஒரு வயரும் வாங்கிவந்தேன். கூடவே வந்த புத்தகம் இங்கிலீஷிலும் அரபியிலும் இருந்தது. அதை பஸ்ஸில் போகவர வைத்துப் படித்தேன். முதலில் நெடுநேரம் சார்ஜ் ஏற வேண்டும், இரும்புச் சாமான் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றெல்லாம் போட்டிருந்தது.

படித்து என்ன? விலை கூடின சாமான் எதுவும் எங்கள் வீட்டில் பீரோவை விட்டு விலகி இருந்ததில்லை. உள்ளே வைக்க முடியாததை மேலே வைப்போம். முன் அறையில், பின் அறைப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி, அப்பா காலத்து இரும்பு பீரோ நின்றது. "பீரோ மேலயே வை, கை படாம இருக்கும்" என்றாள் அம்மா. வைத்தேன்.

"பொட்டு வச்சியா?" என்றாள் அடுத்து.

எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எந்த மிஷினும் ஓடியதில்லை. கிரைண்டருக்கு வைத்தோம், பிரிட்ஜுக்கு வைத்தோம், டேபிள் ஃபேனுக்குக்கூட நடு மண்டையில் வைத்தோம். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு போனேன். கைபோன் படுக்கிற பள்ளத்தில் பளபளவென்று இரண்டு சின்னப் புள்ளிகள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது என்று தோன்றும்படி அம்சமாக இருந்தன. இரண்டிலும் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்து, கைபோனை அதில் படுக்கவைத்தேன். அது விடிய விடியப் படுத்திருந்தது. அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் சார்ஜ் ஏறும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே அம்மா தலை சீவிவிடச் சொன்னாள். வேறு சேலை கட்டிவிடச் சொன்னாள். போனில் முகம் தெரியாது என்பதைச் சொல்லாமல் கட்டிவிட்டேன். சாயங்காலம் நான் வந்ததும் கைபோனை அவள் கையில் கொடுத்து, மணி அடித்ததும் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு முன் அறைக்குப் போனேன். மில் சங்கு ஊதி அடங்கியதும் மேஜை போன் அடித்தது. பின் அறையில் கைபோன் அடித்த சத்தம் கேட்கவில்லை, அம்மா உடனே எடுத்துவிட்டாள் போல என்றுதான் நினைத்தேன். எடுத்தேன். அக்காதான்.

"அம்மாகிட்டப் பேசுக்கா, அவ கையிலதான் இருக்கு" என்றேன்.

அக்கா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாள். பின் அறையில் அம்மா "ஏட்டி, நாந்தான் பேசுதேன், கேக்குதா?" என்றாள். இரண்டு பேர் குரலும் எனக்குக் கேட்டது. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. நான் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். அம்மா உயிரில்லாத கைபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, சீவிய தலையோடு, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பேரன்களைப் பெயர் சொல்லிக் கேட்டாள். பதில் வரும் என்று கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கேட்டாள். அவள் கையிலிருந்து அதை வாங்குவதற்கு எனக்கு நேரம் பிடித்தது.

"நீ எதையாவது மாத்தி மாட்டியிருப்ப" என்றாள் அக்கா, நான் திரும்பி வந்து சொன்னதும்.

"ஆமா, இங்க நான் சும்மாதான இருக்கேன், மாத்தி மாத்தி மாட்டிப் பாக்கேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் மறுபடி புத்தகத்தைப் பிரித்தபோதுதான் சந்தனம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, காய்ந்து கெட்டியாகிப்போன பொட்டைச் சுரண்டித் துடைத்தேன். கைபோனைப் படுக்கவைத்ததும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிய வேண்டிய விளக்கு என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டனை அமுக்கி டயல் டோன் வருகிறதா என்று கேட்டபடி வீடெல்லாம் நடந்தேன். முன் அறையில் கணீரென்று வந்தது. முற்றத்தில் கரகரத்தது. அம்மாவின் வாசற்படியில் செத்துப்போனது. பீரோ மேலிருந்து பெட்டியை எடுத்து, வயர் எட்டுகிற தூரத்துக்குள் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தேன். மேஜை மேல் வைத்தேன், ஸ்டூல் மேல் வைத்தேன், கடைசியில் முற்றத்தைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பின் அறை வரை நடை. சும்மா ஒரு "ஙொய்" சத்தம்தான். ஆனாலும் அந்த வாரம் அந்த வீட்டில் என் காதோடு பேசியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. ஜன்னலில் வைத்தபோது அம்மாவின் கட்டில் வரைக்கும் அது அறுபடாமல் வந்தது.

அம்மா என் நடையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கு முன்னால், மணி அடித்தால் அவளால் எடுத்துப் பேச முடிகிறதா என்று பார்த்துவிட நினைத்தேன். எனக்காக ஒரு போன் அடித்துப் பார்க்கச் சொல்ல ஆள் வேண்டுமே. யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். ஒருத்தர் முகமும் வரவில்லை. சரி, நாமே போய் அடிப்போம் என்று கிளம்பினேன்.

"கடைக்குப் போயிட்டு வாரேன். மணி அடிச்சா இந்தப் பட்டன அமுக்கு" என்று கைபோனைத் தலைமாட்டில் வைத்தேன். எதற்கு என்று விளக்கிச் சொல்லவில்லை. அவளிடம் எதையும் விளக்கிச் சொல்கிற பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

தெருமுனை டெலிபோன் பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் நம்பரை அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கிளிக்.

"அம்மா" என்றேன்.

"ஏட்டி பெரியவளே!" என்றாள் அம்மா. "கேக்குட்டி! நல்லா கேக்கு! பக்கத்துல இருந்து பேசுத மாதிரி கேக்கு!"

எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல் என்று எல்லாரும் சொல்வார்கள். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் இடம் கொடுத்தால்தானே.

"ஒன் கொரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. சின்னவ கடைக்குப் போயிருக்கா, அவ வாரதுக்குள்ள சொல்லிப்போடுதேன். அவ என்ன நல்லாத்தான் பாத்துக்கிடுதா. ஒரு கொறை சொல்ல முடியாது. வேளாவேளைக்கு மருந்து, சோறு. ஆனா பேச மாட்டேங்காட்டி. வாரா, போறா. நான் இந்தச் சொவரப் பாத்துட்டே கெடக்கேன். ஆபீஸ்ல என்ன, பஸ்ஸுல என்ன, ஒண்ணும் சொல்லமாட்டா. நீ அவகிட்ட நைசா சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லிராத."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் மட்டும் யார் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவள் சொன்ன அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் தனியாக இருந்தது நான் மட்டும் இல்லை. ஒரு முற்றத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு பேர் இருந்திருக்கிறோம்.

"அம்மா, நான் சின்னவ. பூத்துல இருந்து பேசுதேன்."

லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

"நீயா?" என்றாள்.

"ஆமா. வேலை செய்யுதான்னு பாக்கத்தான் அடிச்சேன்."

"செய்யுது" என்றாள்.

"சரி, வச்சுரவா? வீட்டுக்குத்தான் வாரேன்."

"வைக்காதட்டி. செத்த நேரம் பேசு. வீட்டுக்கு வந்தா நீ பேசமாட்ட."

பூத்துக்கு வெளியே ஒருவர் காத்து நின்றார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"இங்க வெயில் சுள்ளுனு அடிக்கும்மா" என்றேன்.

"அப்படியா?" என்றாள் அம்மா. "பொறவு?"