பிளீச்சிங் பவுடரும் மீன்குஞ்சின் காதும்

கோபாலபுரத்தில் என் தோப்புத் தொட்டியில் ஒரு மீன்குஞ்சு தலைகீழாகச் சுற்றியது. கொள்ளைநோய்தான் என்று நானே டாக்டராகி, அத்தனை குஞ்சுகளையும் ஒழித்துவிட பிளீச்சிங் பவுடர் வாளியோடு தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

அதற்குள் எனக்கு அந்தக் குஞ்சுகளை விற்றவர் வந்துவிட்டார். ஒல்லி உடம்பு, கழுத்தில் பூதக்கண்ணாடி. எங்கே போனாலும் மீனை நலம் விசாரித்த பிறகுதான் மனிதரிடம் பேசுவார்.

சுற்றிய குஞ்சைக் கிண்ணத்தில் அள்ளிப் பார்த்தார்.

"முட்டைக்குள்ளயே காதுல பொடிக்கல்லு வளருமுங்க. அதைய வெச்சுத்தான் மேல எது, கீழ எதுன்னு மீனுக்குத் தெரியும். இதுக்கு வளரலீங்க. பரவுற ஒட்டுவாரொட்டி நோவு இல்லீங்க."

"மத்ததுகளுக்கு?"

"நேராத்தானுங்க நீந்துது. நீங்கதான் தொட்டியச் சுத்திச் சுத்தி வாறீங்க."

வாளியைக் கீழே வைத்தேன். அவரோ கிளம்பும்போது அந்த ஒற்றைக் குஞ்சைத் தன் டப்பாவில் எடுத்துக்கொண்டார். என்னை நம்பி விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை போலும்.