கண் திறக்காத கார்

வில்லாபுரம், மாலை நான்கு மணி. அமெரிக்காக்காரன் இந்தக் காருக்கு ஹெட்லைட் வைக்க மறந்துவிட்டான் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சந்தனம், குங்குமம் வைக்க இடம் தேடி முன்பக்கத்தைத் தடவோ தடவென்று தடவினேன். விளக்கே இல்லை. பம்பரில் வைத்துவிட்டேன். மல்லிகைச் சரம் காற்றில் பறக்காமலிருக்க, நைலான் கயிற்றில் சுற்றி, பம்பரிலிருந்து வலப்பக்கக் கண்ணாடி வரை இழுத்துக் கட்டினேன். செய்வதைத் திருந்தச் செய்கிற பழக்கம்.

கார், கார்வெட். 1978இல் பிறந்தது. நண்பன் சாந்தாராமின் தம்பி அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது. அது 2005, ஆவணி முகூர்த்தம். மறுநாள் சாந்தாராமின் மகளுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம். முதல்நாளான அன்று மாலை மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் வரும் என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

நாலரைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஸ்டீயரிங் இடப்பக்கம், அங்கே சாந்தாராம். ஓட்டுநர் இருக்க வேண்டிய வலப்பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நான். எதிரே வந்த பஸ் டிரைவர்கள் வெலவெலத்துப்போனார்கள். நான் கும்பிட்டு வைத்தேன்.

திருப்பரங்குன்றம் தாண்டி டீ, மூன்று ரூபாய். மேசையில் சிந்திய டீயை விரலால் தொட்டு, சாந்தாராம் காரின் வம்சத்தையே வரைந்தான்.

"மொத தலைமுறை அம்பத்து மூணுல. உருண்டைக் கண்ணு, பல்லக் காட்டிச் சிரிக்கும். அறுபத்து மூணுல திருக்கை மீன் மாதிரி கூர்மையாயிருச்சு. அப்பத்தான் கண்ண உள்ள மடக்குனாய்ங்க. நம்ம வண்டி மூணாவது. சுறா. இடுப்பப் பாரு."

"எனக்கு இல்லாததத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் மாப்ள."

"நாலாவது கத்தி மாதிரி தட்டை. அஞ்சாவதுக்குப் பின்பக்கம் பெருத்துருச்சு. ஆறாவது இப்பத்தான் வந்துருக்கு. கண்ண மறுபடி வெளிய வச்சுட்டாய்ங்க."

"அப்ப இத்தன வருசமா கண்ண மூடிக்கிட்டா ஓட்டுனாய்ங்க?"

"சுவிட்சப் போட்டா எந்திரிக்கும்டா."

காரைத் திரும்பிப் பார்த்தேன். முன்சக்கரத்தின் மேல் எழும்பி, கதவருகே தாழ்ந்து, பின்சக்கரத்தில் மறுபடி எழுந்த அந்தக் கோட்டுக்குப் பின்னால் வயல்வெளியும் நாகமலையும். மலையும் அப்படித்தான் படுத்திருந்தது. தகரமல்ல, கண்ணாடி இழை உடம்பு. தலைமுறைக்குத் தலைமுறை உடம்பு மாறியும், பின்னால் நாலு சிவப்பு விளக்கு மட்டும் குடும்ப மச்சம்போல் கூடவே வருகிறதாம். டீ ஆறிப்போனது.

ஆறரை மணி, திருமங்கலம் கோயில் வாசல். இருப்பது இரண்டே இருக்கை. நான் இறங்க, மாப்பிள்ளை ஏறினார். நாதஸ்வரம் தொடங்கியது. இருட்டிக்கொண்டு வர, சாந்தாராம் சுவிட்சைப் போட்டான். இடது இமை மெல்ல எழுந்து விழித்தது. கூட்டமே வாய் பிளந்தது. வலது இமை அசையவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா, இரு வீட்டாரின் வீட்டுமொழியான சௌராஷ்டிரத்தை விட்டுவிட்டு, ஊருக்கே கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "ஒத்தக் கண்ணு வண்டியிலயா எங்க பையன் வரணும்? எறங்குப்பா. அம்பாசிடர வரச் சொல்லுங்க."

சாந்தாராம் என்னைப் பார்த்துச் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னான். என்னைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது. வலப்பக்கம் உட்கார்ந்து வந்தவன் நான்தானே. என் எடை தாங்காமல் உள்ளே ஏதாவது நரம்பு அறுந்திருக்குமோ? அழகருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். மழிக்க அதிகமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"மாமா," என்றார் மாப்பிள்ளை என்னிடம், தலையை வெளியே நீட்டி. "கண்ணாடில என்ன கயிறு கட்டிருக்கு?"

அவரே முடிச்சை அவிழ்த்தார். வலது இமை எழுந்தது. பெரியப்பா நாதஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார், ஊர்வலம் நகர்ந்தது.

காரில் பழுது எதுவும் இல்லை. பூவெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டிருந்தது; வில்லாபுரத்தில் நான் கட்டிய கயிறு மட்டும் இமையை அழுத்திப் பிடித்திருந்தது.