வீட்டுக்காரரை மேடையேற்றிய பரமேசக்கா

ஆக்லாந்தின் மனுகாவில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் இருந்தபோது என் தோழி கவிதா போன் செய்தாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. "அக்கா போயிட்டாங்க உமாக்கா. தூக்கத்துலயே" என்றாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. ஆக்லாந்தில் தமிழ் நாடகத்தோடு ஏதோ ஒரு வகையில் ஒட்டிக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் அக்கா என்றால் பரமேஸ்வரி அக்கா ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பரமேசக்கா என்பார்கள். திருச்சிக்காரியான எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

த்ரீ கிங்ஸ் பகுதிக் கடைகளுக்குச் சேலையும் ஓட்டக்காரர்களின் காலணியுமாக வேகமாக நடந்துபோகும் ஒரு மூதாட்டியாகத்தான் பலர் அவரை அறிந்திருப்பார்கள். இளமையில் அவர் அமெரிக்காவில் ஓர் அரசியல் நாடகக் குழுவில் இருந்தவர். அந்தக் கதையைக் காரில் போகும்போது துண்டு துண்டாகச் சொல்லுவார்.

வேதியியல் படிக்கப் போனவர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில், ஒரு லாரியின் பின்பலகையை இறக்கி மேடையாக்கி யாரோ நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்த விவசாயிகளின் கதை. விவசாயியின் மனைவியாக வந்தவள் ஆரம்பத்திலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். பொறுக்கமுடியாமல் பரமேசக்கா கூட்டத்திலிருந்து சத்தம் போட்டுக் கேட்டுவிட்டார், அவள் வாயே திறக்கமாட்டாளா என்று. நாடகம் நின்றது. அழுதுகொண்டிருந்த நடிகை கையை நீட்டி, மேலே வந்து நீயே பேசு என்றாளாம்.

"ஏறிட்டன் உமா. ஏறின உடன இங்கிலிஷ் எல்லாம் பறந்திட்டுது. தமிழிலதான் கத்தினன். என்ன கத்தினன் எண்டு எனக்கே ஞாபகமில்லை. ஆனா சனம் கைதட்டிச்சுது."

அடுத்த ஞாயிறும் போனார். வேதியியல் பாதியில் நின்றது.

ரயில் பாதையோரம் கைவிடப்பட்டிருந்த ஒரு சலவைக்கூடம்தான் அந்தக் குழுவின் வீடு. எல்லோருக்கும் ஒரே சம்பளம். எந்த முடிவும் எல்லோரும் கூடித்தான். யாராக இருந்தாலும் பாத்திரம் கழுவ வேண்டும். திரைச்சீலை வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வார இறுதி முழுக்க விவாதித்து, கடைசியில் திரைச்சீலையே தேவைப்படாத ஒரு நாடகத்தை எழுதினார்களாம். தொழிற்சாலை வாசல்களிலும், வேலைநிறுத்தம் செய்தவர்களின் நடுவிலும் நடித்தார்கள். ஓர் ஊரில் அனுமதி இல்லையென்று பொலிஸ் வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த சனம் லாரியைச் சுற்றிக் கைகோத்து நின்றதாம். நடிகர்கள் பொலிஸ் வண்டியில் ஏறும்வரை வசனத்தை விடவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

குழு உடைந்த கதைக்கு வரும்போது சிரிப்பு இருக்காது. அரசாங்கம் உதவித்தொகை தர முன்வந்தது. வாங்கினால் விலைபோனதாகும் என்றார்கள் ஒரு சாரார். வாங்காவிட்டால் பட்டினி என்றார்கள் மற்றவர்கள். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் முகம் பார்க்காமல் பிரிந்தார்கள். "பொலிசால உடையாத எங்களை எங்கட நேர்மை உடைச்சுது. தனக்கு மட்டும்தான் நேர்மை எண்டு ஒவ்வொருத்தரும் நினைச்சம்" என்பார். பின்னர் போரில் ஊரை விட்டு ஓடிவந்த தங்கையின் குடும்பத்துக்குத் துணையாக ஆக்லாந்து வந்து சேர்ந்தார்.

இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நான் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதி அவரிடம் காட்டினேன். படித்து முடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. இது ஆருக்கு நடந்தது?" என்று கேட்டார். யாருக்கும் நடக்கவில்லை என்றேன். "அப்ப நடந்தது ஒண்டை எழுதுவம்."

நடந்தது கவிதாவுக்கு. அப்போது அவள் விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தாள். கணவனோடும் கைக்குழந்தையோடும் பாபடோயிட்டோ பகுதியில் அறையாக மாற்றிய ஒரு கராஜில் வாடகைக்குக் குடியிருந்தாள். குளிர்காலம் வந்தால் சுவரில் ஈரம் வழியும், கறுப்பாகப் பூஞ்சை படரும், குழந்தை விடாமல் இருமும். வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது, விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை. வீட்டுக்காரர் தனபாலன், மலேசியத் தமிழர். எங்கள் விழாவின் முக்கியப் புரவலரும் அவர்தான்.

பரமேசக்கா முதலில் கவிதாவிடம்தான் போனார். "இது உங்கட கதை. வேண்டாம் எண்டா விட்டிடுவம்." கவிதா சில நாள் யோசித்தாள். "நான் மேடையேற மாட்டேன் அக்கா. ஆனா நான் சொல்றத அப்படியே எழுதுங்க. அந்தச் சுவர மட்டும் விட்றாதீங்க."

எழுதினேன். வீட்டுக்காரரை நன்றாகவே கிழித்து எழுதினேன். பரமேசக்கா படித்துவிட்டு, இந்த வேடத்துக்குத் தனபாலனையே கேட்போம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாடகத்தையே அவர் கையில குடுத்துடப் போறீங்களா அக்கா?"

"நாங்கள் நடிச்சா அவர் வில்லன். அவரே நடிச்சா மனுசன். மனுசனைத்தான் கேள்வி கேக்கலாம்."

கவிதா சம்மதிக்காமல் தனபாலனிடம் போகமாட்டேன் என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். "எப்படியும் தெரியத்தான போகுது. முன்னாடியே தெரியட்டும்" என்றாள் கவிதா.

தனபாலன் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்தார். முகம் சிவந்தது. "இது நான்தானே மா?"

"ஓம்" என்றார் பரமேசக்கா.

"அப்புறம் என்னையே ஏன் கூப்பிடுறீங்க?"

"உங்கட பக்கத்தை உமாவுக்கு எழுதத் தெரியேல்லை."

அதன்பிறகு அவர் பேச ஆரம்பித்தார். வீட்டுக் கடன், வங்கி, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கியது, இதைவிட மோசமான அறையில் படுத்தது எல்லாம். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது, "சரி லா. நானே செய்றேன். ஆனா மத்தவன் பேசுற மாதிரி எழுதாதீங்க" என்றார்.

விழா த்ரீ கிங்ஸ் மண்டபத்தில் நடந்தது. குடியிருப்பவளாக நான் நடித்தேன். அட்டைச் சுவரில் ஈரம் தீட்டியிருந்தோம். குழந்தை இருமுகிறது என்று நான் சொன்னதும், ஜன்னலைத் திறந்து வை, சரியாகிவிடும் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சுவரருகே போய்க் கை வைத்துப் பார்த்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து மெதுவாக அடியெடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, "இந்தச் சுவர நான் போய்ப் பார்க்கவே இல்லையே மா" என்றார். அது நாடகத்தில் இல்லாத வசனம்.

"எப்ப பாப்பீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். மண்டபம் சிரித்தது. தனபாலன் திரும்பி, "நாளைக்கு" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

பரமேசக்கா பக்கவாட்டிலிருந்து மேடைக்கு வந்து, "நாடகம் முடியேல்லை. இனி நீங்கள் கதையுங்கோ" என்றார். தயங்கித் தயங்கி ஒவ்வொருவராகத் தங்கள் வீடுகளைப் பற்றிப் பேசினார்கள். இங்கே பிறந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். கவிதா எழவில்லை, ஆனால் அழவும் இல்லை.

தனபாலன் மறுநாள் போனார். அடுத்த குளிருக்குள் சுவரைப் பிரித்துச் சரிசெய்தார், ஹீட்டர் வைத்தார். அன்று பேசிய எல்லோருடைய வீடும் காய்ந்துவிடவில்லை. சில வீட்டுக்காரர்கள் அதன்பின் எங்கள் விழாப் பக்கமே வரவில்லை. ஆனால் கவிதாவின் குழந்தைக்கு இருமல் நின்றது. அவளுக்கு விசா போகவில்லை, வீடும் போகவில்லை. தனபாலன் எங்கள் எல்லா நாடகத்திலும் நடித்தார். ஒவ்வொரு முறையும் வசனம் குறைவு என்று சண்டை பிடிப்பார்.

இறுதிச் சடங்கில் அவரும் பேசினார். "என்னை ஒரு வார்த்தை திட்டினது இல்ல. வேஷம் குடுத்தாங்க. அது போதுமா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பரமேசக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒரு சிரமமான பழக்கம். யார்மீதாவது கோபமாக எழுதத் தொடங்கினால், எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த ஆளுக்கே போன் செய்கிறேன். இப்போது முன்னறிவிப்பில்லாமல் மாறும் வேலை நேரங்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதுகிறோம். போன வாரம் ஒரு மேற்பார்வையாளரை, நம்மவர்தான், அழைத்து விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு நடிப்பெல்லாம் வராதுங்க" என்றார்.

"நடிக்க வேண்டாம், வந்து பேசுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.