நஸ்ரின் என்ன நினைக்கிறாங்க?

பல் டாக்டரும் நானும் ஒரே தொழில்தான்: நாளெல்லாம் ‘வாயைத் திற, வாயைத் திற’ என்று கெஞ்ச வேண்டும், என்ன, அவரிடம் திறந்துவிடுகிறார்கள். நான் புதுச்சேரியில் ஒரு தனியார் கல்லூரியில், ஐ.டி. படிக்கிற கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அலுவலக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, குரூப் டிஸ்கஷனில் எப்படிப் பேசுவது, இதெல்லாம் என் பாடம். என்னைப் போலத் தொண்டையை நம்பிப் பிழைக்கிற வாத்தியார்களே, இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளே, பஸ் கண்டக்டர்களே, உங்களிடம் சொல்லாமல் இந்தப் பாட்டை நான் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

செல்போனுக்குள் ஒரு மேடம்

இந்த வருஷம் கல்லூரி திறந்த கையோடு தாளாளர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு செல்போன். அதற்குள் இங்கிலீஷ் சொல்லித்தருகிற ஓர் ஆப். நாம் பேசினால் பதில் பேசுகிறது, தப்பைத் திருத்துகிறது, கோபமே படுவதில்லை. அந்தக் கடைசி விஷயத்தை அவர் அழுத்திச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பற்றி அவருக்குப் போகிற புகாரெல்லாம் நான் கத்துகிறேன் என்பது ஒன்றுதான்.

“பொங்கலுக்கு முன்னாடி கம்பெனி வருது மேடம். போன வருஷம் உங்க புள்ளைங்க எல்லாம் அந்த குரூப் டிஸ்கஷன்லயே ஊத்திக்கிச்சு. இந்த வாட்டி ஒரு புள்ளையாவது செலக்ட் ஆவணும். இல்லன்னா அடுத்த வருஷத்துக்கு இந்த ஆப்பே போதும்னு கமிட்டில பேசிக்கிறாங்க” என்றார். உழவர்கரையில் வாடகை வீடு, பிளஸ் டூ படிக்கிற மகள், எல்லாம் என் கண்முன் ஒரு சுற்று வந்துபோயின. ஒரு மெஷினும் நானும் ஒன்றா என்று பொரிந்து தள்ளினேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தப்பா நினைக்காதீங்க மேடம், அதுக்கு டீயும் வேணாம், லீவும் வேணாம்.”

எல்லாருக்கும் ஒரே அப்பா

முதல் வாரம் சுய அறிமுகம். முதல் பையன் எழுந்தான். அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லாரையும் சீக்கிரம் நம்பிவிடுவது. நல்ல பிள்ளை என்று நினைத்தேன். இரண்டாவது பையனுக்கும் அதே அப்பா, அதே பலவீனம். வரிசையாக வகுப்பு முழுக்க விவசாயி வீட்டுப் பிள்ளைகள். இவ்வளவு பேர் ஏர் பிடித்தால் நம் ஊரில் அரிசி விலை ஏன் இப்படி ஏறுகிறது?

சேவியர் எழுந்து அதையே ஒப்பித்தபோது எனக்குத் தாங்கவில்லை. அவன் உப்பளத்துப் பையன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக்கூட ஷூவைப் பளபளவென்று துடைத்துக்கொண்டு வருகிற மனிதர். “ஏண்டா, உங்கப்பா எப்போடா சேத்துல கால வச்சாரு?” என்றேன். சேவியர் கொஞ்சமும் அசரவில்லை. “மேம், ரெண்டு வருஷத்துக்கு முந்தி நம்ம சீனியர் ஒருத்தர் இந்த இன்ட்ரோ சொல்லித்தான் செலக்ட் ஆனாரு. அப்பாவ மாத்துனா ரிஸ்க்கு மேம்.”

அமெரிக்காவுக்கும் சாப்பாடு

வாடிக்கையாளரிடம் போனில் பேசுவதற்குப் பயிற்சி. நான் அமெரிக்காவில் கடை வைத்திருக்கிறவள், என் வெப்சைட் படுத்துவிட்டது, வராந்தாவில் நின்று போனில் கத்துவேன். வகுப்புக்குள் இருந்து பிரகாஷ் சமாதானம் சொல்ல வேண்டும். முத்தியால்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் பிள்ளை. நல்ல மனசு, அதுதான் பிரச்சினை. எடுத்த எடுப்பில் “சாப்பிட்டீங்களா?” என்று சுத்தமான இங்கிலீஷில் கேட்டான். சரி, ஊர்ப் பழக்கம் போகட்டும் என்று கத்த ஆரம்பித்தேன். நாளைக் காலைக்குள் புது வெப்சைட் வேண்டும் என்றேன், சரி என்றான். பத்து மொழியில் வேண்டும் என்றேன், அதற்கும் சரி. பழைய வேலைக்குக் காசு தரமாட்டேன் என்றேன், பரவாயில்லை என்றான்!

போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். முடியாததை முடியாது என்று பணிவாகச் சொல்வது எப்படி என்று முந்தின நாள்தான் ஒரு மணி நேரம் தொண்டை வரள நடத்தியிருந்தேன். “நாளைக் காலையில முடிச்சிடுவியாடா நீ?” என்றேன். “எங்க மேம் முடியும்? ரெண்டு மாசம் ஆவும். ஆனா ஒருத்தர் வாய் விட்டுக் கேக்கறப்ப எப்பிடி மேம் இல்லன்னு சொல்றது?”

கண்ணைப் பார்த்துப் பேசு

தரையைப் பார்த்துப் பேசாதீர்கள், எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கண்ணைச் சிமிட்டவும் செய்யலாம் என்று சொல்ல விட்டுப்போனது. மறுநாள் வருகைப்பதிவு குறைவாக இருக்கிறது, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கேட்க பிரகாஷ் துறைத்தலைவர் அறைக்குப் போயிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் துறைத்தலைவர் வேர்த்து விறுவிறுத்து எங்கள் அறைக்கு வந்தார். “மேடம், கிளாஸ்ல இன்னா சொல்லிக் குடுக்குறீங்க? அட்டெண்டன்ஸ் கேக்க வந்தவன், என்னை அடிக்க வந்தவன் மாதிரி பாக்குறான்!”

சண்டையே இல்லாத சண்டை

கடைசியில் என் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போகிற குரூப் டிஸ்கஷன். எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்று தலைப்பு கொடுத்தேன். பிரகாஷ் நல்லது என்றான். சேவியர், பிரகாஷ் சொன்னதுதான் சரி என்றான். மற்றவர்களும் அப்படியே தலையாட்ட, விவாதம் முடிந்து எல்லாரும் கேன்டீனுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். “யாராவது ஒருத்தர் எதுத்துப் பேசுங்கடா, உங்க கால்ல விழறேன்!” என்று கத்தினேன். பிரகாஷ்தான் பதில் சொன்னான்: “கூடப் படிக்கிறவன எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டிட்டு, சாயங்காலம் அவன் பைக்லயே எப்பிடி மேம் ஏறிப் போறது?”

அந்த வட்டத்தில் தலைகூட ஆட்டாமல் ஒருத்தி இருந்தாள். நஸ்ரின். அவள் அப்பாவுக்கு டவுனில் துணிக்கடை. புரோகிராம் எழுதுவதில் வகுப்பிலேயே முதல், வாய் மட்டும் பூட்டு. அவளை அந்த ஆப்பிடமும் உட்கார வைத்துப் பார்த்தோம். அது வெகுநேரம் காத்திருந்துவிட்டு, உங்கள் குரல் கேட்கவில்லை, மைக்கைச் சரிபார்க்கவும் என்றது. என்னிடம் அவ்வளவு பொறுமை ஏது? “உனக்கு என்னதாம்மா பிரச்சினை? சொல்லித் தொலையேன்!” என்று வராந்தாவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அன்றைக்குத்தான் அவள் எனக்கு முழுசாக ஒரு பதில் சொன்னாள். அப்புறம் மற்ற ஏழு பேரையும் பார்த்து, “பேசாம இருக்கிறவங்களப் பேச்சுக்குள்ள இழுக்கிறதுதான் தலைமைப் பண்பு, கம்பெனிக்காரன் அதுக்கு மார்க் போடுவான், இதையாவது ஞாபகம் வச்சுக்குங்க” என்று கத்திவிட்டு வந்தேன். நஸ்ரின் சொன்னது இதுதான்: “யாராவது கேட்டா சொல்வேன் மேம். கேக்காம நடுவுல எப்பிடி மேம் பூந்து பேசுறது?”

கம்பெனி வந்த அன்றைக்கு

செமினார் ஹாலுக்குள் எங்களுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நானும் துறைத்தலைவரும். உள்ளே அதே எட்டுப் பேர், ஓரமாகத் தாளாளர். கம்பெனிக்கார அம்மாள் தலைப்பைச் சொன்னார்: ஆசிரியர் செய்கிற வேலையை ஓர் ஆப் செய்துவிடுமா? தாளாளர் கூரையைப் பார்த்தார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. போச்சு, மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்று நான் நினைத்தபோது சேவியர் செருமிக்கொண்டு, “நஸ்ரின் என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க விரும்புறேன்” என்றான். இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நஸ்ரின் நிமிர்ந்தாள். கேட்டுவிட்டார்களே, அவள் பதில் சொல்லியாக வேண்டும். “ஆப் நல்லதுதான். அதுகிட்ட கூச்சமில்லாம தப்புப் பண்ணலாம். ஆனா நான் பேசாம இருந்தப்ப அது மைக்கப் பாக்கச் சொல்லுச்சு. எங்க மேடம்தான் உனக்கு என்ன பிரச்சினைன்னு கேட்டாங்க. கத்திக்கிட்டேதான் கேட்டாங்க, ஆனா கேட்டாங்க” என்றாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். வெளியே நான் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

உடனே பிரகாஷ், நஸ்ரின் இன்னும் என்ன நினைக்கிறாங்க என்றான். அடுத்தவனும் அதையே கேட்டான். தலைமைப் பண்புக்கு மார்க் ஆயிற்றே, விடுவார்களா? ஆளாளுக்குக் கேட்கக் கேட்க, அவள் பாட்டுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்தபோது ஏழு பேர் கேட்டிருந்தார்கள், ஒருத்திதான் பேசியிருந்தாள். அடுத்த ரவுண்டு இன்டர்வியூ. அங்கே கேள்வி கேட்பதுதானே கம்பெனிக்காரர்கள் வேலை! சாயங்காலம் செலக்ட் ஆனவர்கள் பெயரைப் படித்தார்கள். எங்கள் வகுப்பில் ஒரே பெயர், நஸ்ரின்.

பையன்களைப் பிடித்து, “அவளுக்காக வேணும்னே விட்டுக் குடுத்தீங்களாடா?” என்றேன். “ஐயய்ய, இல்ல மேம். எங்களுக்குச் சொல்ல ஒண்ணுமே தோணல, அந்த ஒரு வரிதான் ஞாபகத்துல இருந்துச்சு. அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருது, அங்க பாத்துக்கலாம்” என்றான் சேவியர். தாளாளர் வந்து கையைப் பிசைந்தபடி, அடுத்த வருஷம் நீங்களும் இருங்கள், ஆப்பும் ஒரு மூலையில் இருக்கட்டும் என்றார். நஸ்ரின் போனில் அப்பாவிடம் சொல்லி முடித்துவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். “ஏண்டி, இவ்வளவு இங்கிலீஷ எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “ஒளிக்கல மேம், யாரும் கேக்கல.”

ஆக, வாயை வைத்துப் பிழைக்கிற என் சொந்தங்களே, வருஷம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியதில் என் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வரி, அந்த ஒரு வரிதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.